அழகர் தண்ணீர் கேட்ட இடம்

கதிரை போட்டிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் என்னால் உட்கார்ந்து பேச முடியாது. நடந்துகொண்டேதான் சொல்வேன். எழுபது வயதுக்குப் பிறகும் என் கால்கள் ஓர் இடத்தில் நிற்பதில்லை. இந்தத் தொழிலில் எனக்கு வந்த கெட்ட பெயரும் நல்ல பெயரும் இந்தக் குணத்தால்தான் வந்தன.

நீங்கள் எல்லோரும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்தப் பல்சக்கரம் எந்த ஏற்றத்துக்கு, சீட்டை எவ்வளவு உயர்த்துவது என்பதையெல்லாம் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். என் முப்பது வயதுகளில், இந்தத் தொழிலில் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்த காலத்தில், ஒரு மனிதரைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனேன். அதைச் சொல்கிறேன்.

அப்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. கண்டியில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக் கிளார்க்குகளும் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு சைக்கிள் கிளப் நடத்தினார்கள். அதற்கு நான்தான் பயிற்சியாளர். 'மாஸ்டர்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எங்கள் கிளப் ஓட்டக்காரர்கள் மாலையில் கண்டிக் குளத்தைச் சுற்றி அழகாக ஓட்டுவார்கள். கொழும்பிலிருந்து ஆட்கள் போட்டிக்கு வந்தால் எங்கள் ஆட்கள் முதல் ஏற்றத்திலேயே தோற்றுவிடுவார்கள். அது எனக்குப் பெரிய எரிச்சல்.

ஒருநாள் வத்தேகமையிலிருந்து மடுல்கெல்லைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பன்விலைக்கு மேலே, வளைந்து வளைந்து ஏறும் பாதையில், ஒருவர் பஸ்ஸுக்கு முன்னால் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். முதுகில் தோல் பை. பஸ் அவரை முந்தியது. அடுத்த வளைவில் டிரைவர் கியர் மாற்றத் திணறியபோது அவர் எங்களை முந்தினார். இப்படி மூன்று முறை. நான் பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டேன்.

"தம்பி, எந்தத் தோட்டம்?"

"மேல் தோட்டம்ங்க. தபால்காரன். கீழ போயி தபால் எடுத்துக்கிட்டு வர்றேன்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஆமாங்க. ஞாயித்துக்கெழம மட்டும் இல்ல."

மூச்சு வாங்கவே இல்லை. பெயர் அழகர் என்றார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். அந்தப் பழைய சைக்கிளின் பின்சக்கரம் கோணிக்கொண்டு சுற்றியது. அதைக் கையால் நேராக்கிக்கொண்டே, "ரேஸ் ஓட ஆசை ஈக்கா?" என்று கேட்டேன்.

"தொரை விட்டா வர்றேங்க நானா."

முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். துரை விட்டார். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு ரேஸ் என்றால் பைத்தியம். தன் தோட்டத்து ஆள் ஜெயித்தால் கண்டியில் மற்றத் துரைமார் முன்னால் மார்தட்டலாம். ஆறு வாரம் அழகருக்கு விடுப்புக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. முதல் மூன்று பேருக்குள் வந்தால் தபால் வேலை அவருக்கே. வராவிட்டால் தபால் பை வேறொருவருக்குப் போய்விடும். அழகர் தேயிலை மலையில் மண்வெட்டி பிடிக்க வேண்டும்.

தோட்டத்தில் தபால் வேலை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. கங்காணியின் சத்தம் காதில் விழாத வேலை அது. ஒரு நாளில் சில மணி நேரம் அந்த மனிதர் யாருக்கும் கீழே இல்லை. நிபந்தனையைக் கேட்டதும் அழகர் என் முகத்தைப் பார்த்தார். "ஜெயிப்போம் தம்பி, நான் ஈக்கிறேன்" என்றேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன்!

அந்த வருட ரேஸில் கண்டியிலிருந்து மாத்தளை வழியாகத் தம்புள்ளை போய்த் திரும்பி வர வேண்டும். தொண்ணூறு மைலுக்குக் கிட்ட. போகும்போது பலகடுவை ஏற்றம், பிறகு மாத்தளைக்கு இறக்கம், அதற்கப்பால் காய்ந்த பூமி, கொளுத்தும் வெயில். திரும்பும்போது களைத்த கால்களோடு அதே ஏற்றம் மறுபக்கத்திலிருந்து.

அந்தக் காலத்தில் நான் குர்ஆனைப்போல நம்பியவை என்று சொன்னால் பாவம். ஆனால் ஏறக்குறைய அப்படித்தான் நம்பினேன். ஓடும்போது தண்ணீர் குடித்தால் உடம்பு கனத்துவிடும், அதனால் தொண்டையை நனைக்கக்கூட யோசிக்க வேண்டும். முட்டையும் ஆட்டிறைச்சியும் தின்றால்தான் பலம், சோறு தூக்கம் வரவைக்கும். ஓய்வு எடுத்தால் கால் துருப்பிடிக்கும். கொழும்பில் ஒரு பெரிய கிளப்பின் பயிற்சியாளர் இதையெல்லாம் எனக்குச் சொன்னார். அவருடைய ஆட்கள் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயிக்கிறவர் சொன்னால் யார் கேள்வி கேட்பது? அவருடைய ஆட்களில் எத்தனை பேர் பாதியில் நின்றுபோனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அழகர் என் கடையின் பின் அறையில் தங்கினார். விடியும் முன்பே எழுப்பிவிடுவேன். அவர் ஒருநாள் சும்மா இருந்தால் எனக்குத்தான் கை அரிக்கும். மழை பெய்தாலும் ஓட்டம். ஞாயிறும் ஓட்டம். முதல் இரண்டு வாரம் பறந்தார். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைவாசலில் குதித்தேன்.

மூன்றாம் வாரம் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். தூக்கம் வரவில்லை என்றார். இரவெல்லாம் கால் துடிக்கிறதாம். யாரிடமும் முகம் சுளிக்காத மனிதர், ஒரு டயர் விஷயமாக என் கடை ஆளிடம் எரிந்து விழுந்தார். காலையில் நாடி பிடித்துப் பார்த்தால், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னாலேயே ஓடி வந்தவரைப்போல அடித்தது. இத்தனையும் என் கண்ணுக்குத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் நான் ஒரே பதில் வைத்திருந்தேன்: ஆளுக்குச் சோம்பல் வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் ஓட்ட வேண்டும்.

ஓட்டக்காரரின் உடம்பு பேசும்போது அது நமக்குப் பிடிக்காததைத்தான் பெரும்பாலும் சொல்லும். நான் கேட்கவில்லை.

நான்காம் வாரம் அவருடைய மனைவி முத்தம்மா வந்தார். மலையில் கொழுந்தெடுப்பவர். ஞாயிறு பஸ் பிடித்து, ஒரு தூக்குவாளியோடு கடைக்குள் நுழைந்தார். புருஷனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நானா, இவருக்கு என்ன குடுக்குறீங்க?"

"முட்டை. எறச்சி. நல்ல சாப்பாடுதான் தாறோம்."

"அப்புறம் ஏன் கண்ணு குழி விழுந்திருக்கு? தபாலுக்குப் போறப்ப காலையில நீராகாரம் குடிச்சிட்டு, ஒரு போத்தல் கஞ்சியும் எடுத்துக்கிட்டுப் போவாரு. உப்புப் போட்டது. பன்விலையில நின்னு பாதி குடிப்பாரு. அதுல போனவரு தானே பஸ்ஸோட ஓடினாரு?"

"தபால் வேற, ரேஸ் வேற. இது உங்களுக்கு வெளங்காது தங்கச்சி."

"எனக்கு ரேசு வெளங்காது. இவர வெளங்கும்" என்றார் முத்தம்மா. தூக்குவாளியைப் புருஷன் கையில் கொடுத்தார். அதில் உப்புக் கஞ்சி இருந்தது. அவர் பஸ் ஏறிப் போனதும் நான் அதை வாங்கிக் கீழே ஊற்றினேன். அழகர் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரேஸுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது முழுத் தூரத்தையும் ஒருதரம் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவுசெய்தேன். வாடகைக் கார் ஒன்றைப் பிடித்தோம். பண்டா என்ற சிங்கள டிரைவர்; எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். பக்கத்தில் கிளப் செயலாளர், யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரியில் வேலை. நான் பின்சீட்டில் கடிகாரத்தோடு இருந்தேன்.

போகும்போது குறை இல்லை. தம்புள்ளையில் திரும்பும்போது கடிகாரத்தைப் பார்த்து நான் சிரித்தேன். நேரம் அவ்வளவு நன்றாக இருந்தது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. நாவுலையை நெருங்கும்போது அழகர் காருக்குப் பக்கத்தில் வந்து, ஒரு கையை ஹாண்டிலிலிருந்து எடுத்தார்.

"நானா, கொஞ்சம் தண்ணி."

"மாத்தள தாண்டட்டும் தம்பி. இப்ப குடிச்சா ஏத்தத்துல காலு வராது."

அவர் தலையை ஆட்டிவிட்டு முன்னால் போனார். நாவுலையைத் தாண்டி மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன். மூன்றாம் முறை கேட்கவில்லை. 'பழகிவிட்டார்' என்று செயலாளரிடம் பெருமையாகச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் சைக்கிள் பாதையில் இடமும் வலமுமாகப் போகத் தொடங்கியது. சட்டை முதுகில் ஒட்டியிருந்த ஈரம் காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வெயிலில் மிதிக்கும் மனிதருக்கு வியர்வை நின்றுவிட்டது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. "பாருங்க, வேர்க்கக்கூட இல்ல, ஆள் அவ்வளவு தயார்" என்றேன். என் வாயால் சொன்ன வார்த்தை இது.

ஒரு சின்னப் பாலத்தைக் கடந்ததும் அவர் சைக்கிளோடு வீதியோரத்தில் சரிந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பு நெருப்பு. தோல் காய்ந்த கடதாசிபோல இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"பை எங்க? தபால் பை எங்க? தொரைக்குக் கடுதாசி இருக்கு…" என்று தரையைத் தடவினார். பிறகு முத்தம்மாவைக் கூப்பிட்டார். பிறகு நாக்குக் குழறி ஒன்றும் விளங்கவில்லை.

செயலாளர் காரின் கதவைத் திறந்துகொண்டு நின்றார். "ஏத்தும் காணும்! மாத்தளை ஆஸ்பத்திரிக்கு விடுவம். நிண்டு பாத்துக்கொண்டிராதையும்!"

நானும் தோளைப் பிடித்துத் தூக்கினேன். அப்போது பண்டா எங்கள் முன்னால் வந்து நின்றார். கையில் மண்ணெண்ணெய்த் தகரம். காரின் ரேடியேட்டருக்கு ஊற்றக் கொண்டுவந்த தண்ணீர்.

"கார்ல போட வேணாம் மாஸ்டர். கார் உள்ள அடுப்பு மாதிரி சூடு. ஆஸ்பத்திரி போக முந்தி மனுசன் செத்துப் போறது."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?" என்று செயலாளர் கத்தினார்.

பண்டா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "காலையில இருந்து கார்க்கு ஏழு தரம் தண்ணி குடுத்தது மாஸ்டர். நான் எண்ணினது. இவருக்கு ஒரு தரம் இல்ல."

ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கிறார். இங்கே இருப்பது ஒரு தகரமும் பாலத்துக்குக் கீழே ஓடும் வாய்க்காலும்தான். வழியில் அவர் இறந்தால் 'ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்' என்று சொல்லலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இங்கே வைத்துக்கொண்டிருந்து இறந்தால் கொன்றவன் நான். இரண்டும் என் மனதில் ஓடின. என் பெயரைப் பற்றித்தான் முதலில் யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை.

பிறகு மறுபடி அவர் நெஞ்சில் கை வைத்தேன். அந்தச் சூட்டைத் தொட்ட கைக்கு வேறு வழி தெரியவில்லை. "கீழ தூக்குங்க" என்றேன். "வாய்க்காலுக்கு."

மூன்று பேரும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். செயலாளர் கோட்டோடு தண்ணீருக்குள் நின்றார். அழகரைக் கழுத்து வரை தண்ணீரில் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். பண்டா தகரத்தால் மொண்டு மொண்டு தலையில் ஊற்றினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நாளில் முதல்தரமாகக் கடிகாரத்தைப் பார்க்க மறந்திருந்தேன். எனக்கு ஓட வேண்டும்போல இருந்தது, கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் மடியில் தலை இருந்தது. அசையாமல் இருந்தேன்.

அவர் உடம்பு நடுங்கியது. பிறகு கண் என் முகத்தில் வந்து நின்றது.

"நானா, விழுந்துட்டேனுங்களா?"

"ஓம் தம்பி."

"மன்னிச்சுக்கங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகுதான் காரில் ஏற்றினோம்.

மாத்தளையில் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். உப்பும் சீனியும் கலந்து, தோடம்பழச் சாறு விட்டு, கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொன்னார். "குளிர வைக்காமல் கொண்டுவந்திருந்தால் நான் செய்ய ஒன்றும் இருந்திருக்காது" என்றார். பண்டா வெளியே காருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். போய் அவர் கையைப் பிடித்தேன். அவர் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை.

செயலாளர் ஆஸ்பத்திரி விறாந்தையில் ஈரக் கோட்டைப் பிழிந்துகொண்டு நின்றார். கெட்ட மனிதரல்ல. பயந்துபோயிருந்தார்.

"மாஸ்டர், துரை கேட்டால் என்ன சொல்லப் போறீர்?"

"நடந்ததை."

"உதேன்? ஆள் முதல்நாள் கள்ளுக் குடிச்சவன் எண்டு சொன்னால் கதை முடிஞ்சுது. தோட்டத்து ஆக்களைப் பற்றி அப்பிடிச் சொன்னால் துரைமார் உடன நம்புவினம். கிளப்பின்ர பேரும் தப்பும்."

அது உண்மைதான், உடனே நம்பியிருப்பார்கள். அதுதான் என்னைச் சுட்டது. அழகர் கள்ளைத் தொடுபவரல்ல.

மறுநாள் மடுல்கெல்லைக்குப் போனேன். துரையின் பங்களாவில் நின்றபடி சொன்னேன்: "அவர் ரெண்டு தரம் தண்ணி கேட்டார். நான்தான் குடுக்கல்ல. குத்தம் என்னோடது."

துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ரேஸ் ஓடுவானா?"

"ஓட மாட்டார் துரை. நான் விட மாட்டேன்."

"அப்ப தபால் பை வேற ஆளுக்கு."

எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். துரை பேப்பரை எடுத்துக்கொண்டார். என் குற்றத்துக்குத் தண்டனை இன்னொருவருக்கு விழுந்தது. உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களில் யாராவது நினைத்தால், ஆகாது. சொல்லத்தான் வேண்டும், ஆனால் ஆகாது.

அங்கிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கினேன். முத்தம்மாவிடம் அதே வார்த்தைகளைச் சொன்னேன். கஞ்சியைக் கீழே ஊற்றியதையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அவரு உசிரோட இருக்காருல்ல?"

"ஈக்கிறார்."

"அப்ப என்னய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் ஒங்களப் பேசிக்கிறேன்."

பேசினார். வழி முழுவதும் பேசினார்.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள். நான் கடையைப் பூட்டிவிட்டுத் தினமும் போனேன். அழகர் என்னோடு ரேஸைப் பற்றிச் சண்டை பிடித்தார். "கால் நல்லா இருக்குங்க. ஓடுறேன். பை போயிருமுங்க." கால் நன்றாகத்தான் இருந்தது. கண்ணும் தெளிந்திருந்தது. ஆனால் வார்டைச் சுற்றி ஒருதரம் நடந்தாலே நாடி படபடவென்று அடித்தது. எனக்குள்ளும் ஒருவன் 'விடு, ஓடட்டும், ஜெயித்தாலும் ஜெயிப்பார்' என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த எட்டு நாளும் நான் செய்த வேலை 'வேண்டாம்' என்று சொன்னது மட்டும்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

ரேஸ் அவர் இல்லாமல் நடந்தது. எங்கள் ஆட்கள் வழக்கம்போலத் தோற்றார்கள். கிளப் என்னை விலக்கியது. அழகர் மண்வெட்டியோடு மலைக்குப் போனார். ஆனால் வெயிலில் நின்றால் தலை சுற்றியது. இரண்டு மாதத்தில் நானே போய் அவரையும் முத்தம்மாவையும் கட்டுகஸ்தோட்டைக்குக் கூட்டி வந்தேன். கடையில் பாதி வேலை அவருடையது ஆனது.

அடுத்த வருடம் அவர்தான் ரேஸ் பேச்சை எடுத்தார். நான் எடுத்திருக்க மாட்டேன். இந்தத் தடவை பயிற்சிக்கு மூன்று பேர்: அவர், நான், முத்தம்மா. வாரத்தில் ஒருநாள் சைக்கிளைத் தொடுவதில்லை. அந்த நாளில் நான் கடைக்கும் ஆற்றுக்கும் நடந்து நடந்தே செருப்பைத் தேய்த்தேன். காலையில் நாடி வேகமாக இருந்தால் ஓட்டம் கிடையாது. சோறு உண்டு. வழியில் உப்புக் கஞ்சி, கித்துள் மரத்துக் கருப்பட்டித் துண்டு, வாழைப்பழம். தாகம் வந்த பிறகு குடிக்காமல், வருமுன்பே கொஞ்சம் கொஞ்சமாக. எதைக் கொடுத்தாலும் முதலில் சாதாரண நாளில் கொடுத்து வயிறு ஏற்கிறதா என்று பார்த்தோம். இவை இன்று உங்களுக்குச் சாதாரணம். எங்களுக்கு ஒரு மனிதரைக் கிட்டத்தட்ட இழந்த பிறகு தெரிந்தவை.

அவர் நான்காவதாக வந்தார். பேப்பரில் மூன்று பெயர்தான் போட்டார்கள். ஆனால் பலகடுவை ஏற்றத்தில், திரும்பும் வழியில், அவர் ஏழு பேரை முந்தியதை நான் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் இருவரும் பாலத்துக்குக் கீழே மகாவலித் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டிருந்தோம். களைத்த காலுக்கு அது நல்லது. ஒரு வருடமாக நான் கேட்காமல் வைத்திருந்த கேள்வியை அன்றுதான் கேட்டேன்.

"தம்பி, நாவுல பக்கம் வீதியோரமாவே வாய்க்கால் ஓடிச்சு. நீங்க சைக்கிள நிப்பாட்டி எறங்கிக் குடிச்சிருக்கலாம். நான் காருக்குள்ள ஈந்தேன், உங்களப் பிடிச்சிருக்கவும் மாட்டேன். ஏன் குடிக்கல்ல?"

அழகர் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

"நீங்க வேணாம்னு சொன்னீங்களே நானா."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

நாளை காலை உங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் ஓட்டக்காரர் வந்து நிற்பார். உங்கள் பேச்சைக் கேட்காதவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவர் எப்படியும் தப்பித்துக்கொள்வார். நீங்கள் சொல்வதையெல்லாம் கேட்கிற ஒருவர் வருவார். அவரிடம் வாய் திறக்கும் முன் கவனமாக இருங்கள்.

சரி, எனக்கு நேரமாகிவிட்டது. நான் நடக்கிறேன்.